வலது தோள் = இடது தோள்

முக்கால் இஞ்ச். ஒரு தையல்காரரின் முப்பத்து நான்கு வருடத் தொழிலை ஒரு மாதம் அந்தரத்தில் தொங்கவிட்ட அளவு அவ்வளவுதான். சேர்ந்திசைக் குழு ஒன்றை நடத்தும் ஒருவருக்கு இடது தோள் மேலே, வலது தோள் கீழே, நடுவில் முக்கால் இஞ்ச். அது அவருடைய மருத்துவருக்குத் தெரியும், தையல்காரருக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அவர் முதுகையே பார்க்கும் ஐந்நூறு பேருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் தையல்காரரின் வேலை. தையல்காரரின் கணினிக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒரு நாள் மறந்துவிட்டது.

தையல்காரருக்கு வயது ஐம்பத்தெட்டு. எலும்பு மருத்துவமனைக்குப் பின்புறச் சந்தில், டயர்க் கடைக்கு மேல் மாடியில், பதினோரடிக்கு ஒன்பதடியில் கடை வைத்திருக்கிறார். படிக்கட்டு பாதி வரை ரப்பர் நாற்றம், மீதிப் பாதி இஸ்திரி ஆவி. உள்ளே இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, ஓர் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குத் திரை உண்டு. கேட்டால்தான் விலக்குவார். எதற்கெடுத்தாலும் "ஒரு கால் இஞ்ச் விட்டு வை" என்பதால் காலிஞ்சு என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. தையலில் விட்டது போதாதென்று பஸ் நேரத்தில் கால் இஞ்ச், சம்பந்தியோடு பேச்சில் கால் இஞ்ச், டாக்டர் சொன்ன பத்தியத்தில்கூடக் கால் இஞ்ச் விடுவார். பிற்பாடு பிரிக்க வேண்டி வந்தால் துணி வேண்டாமா என்பது அவர் கேள்வி.

கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த மருத்துவமனையிலிருந்து நேரே மாடி ஏறுகிறவர்கள். கட்டுப் பிரித்த கை, ஒரு பக்கம் தூக்கிய இடுப்பு, கம்பி வைத்த முதுகு. "நேரான உடம்பா? முப்பத்து நாலு வருஷத்துல ஒண்ணுகூடப் பாத்ததில்ல," என்பார் காலிஞ்சு. "எல்லாருமே கோணல்தான். சில பேருக்கு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு, மத்தவங்களுக்கு இன்னும் எழுதல."

இவர்களுக்கு டேப்பைக் கண்டால் ஆகாது. நாம் அசையாமல் நிற்க, ஒருவர் நம் முதுகில் டேப்பை வைத்து "வலது பதினாறே கால், இடது பதினேழு" என்று உரக்கச் சொல்ல, இன்னொருவர் அதை எழுதிக்கொள்வது லேசான அனுபவம் இல்லை. அதனால் காலிஞ்சு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு முறைதான் அளவு. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் போன் போட்டால் போதும். உடம்பு பருத்தாலோ இளைத்தாலோ போட்டுக்கொண்டிருக்கும் சட்டையை அனுப்பினால் அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்வார், ஆளை அளக்க மாட்டார். இந்த ஒரு வாக்குக்காகத்தான் அறுநூற்று நாற்பது பேர் தெருவுக்கு நாலு கடை இருக்கும் ஊரில் டயர்க் கடைப் படியேறி வந்தார்கள்.

அந்த அறுநூற்று நாற்பது உடம்புகளும் இருபத்திரண்டு நீள நோட்டுகளில் பத்திரமாக இருந்தன, தம்பி வந்து சேரும் வரை.

தம்பிக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பதவி. வருடத்துக்கு இரண்டு முறை அக்கா கடைக்கு வருவார். வந்தால் உட்கார மாட்டார், எதையாவது நவீனப்படுத்துவார். போன முறை காலிங் பெல். இந்த முறை கண்ணில் பட்டவை நோட்டுகள்.

"என்னக்கா இது, மியூசியமா? தீப்பிடிச்சா என்ன பண்ணுவே?"

"அணைப்பேன்."

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்க்கா. அளவைப் போட்டா அதுவே வெட்டுற பேப்பரை வரைஞ்சு குடுத்துடும். ஊசின்னு ஒரு சாஃப்ட்வேர். உலகம் முழுக்க இருக்கிற நல்லவங்க சேர்ந்து எழுதினது. ஓப்பன் சோர்ஸ். யாருக்கும் சொந்தமில்ல, எல்லாருக்கும் சொந்தம்."

"கெட்டுப்போனா யாருகிட்டப் போறது?"

"அதான் சொல்றேனே, எல்லாரும் இருக்காங்க."

இந்தப் பதிலில் எவ்வளவு விஷயம் மறைந்திருந்தது என்பது அப்போது காலிஞ்சுவுக்கு உறைக்கவில்லை.

ஊசியின் சின்னம் ஒரு சிரிக்கும் ஊசி. காதில் நூல் கோத்து, பல் தெரியச் சிரிக்கும். நான்கு மாதம் காலிஞ்சு அதன் முன் உட்கார்ந்து அளவுகளைத் தட்டினார். நோட்டைப் பார்த்துப் படித்துச் சொன்னவர் காஜா. பத்தொன்பது வருடமாக அந்தக் கடையில் பட்டன் துளை போடுகிறவர், அதாவது காஜா எடுக்கிறவர். தொழிலே பெயராகிவிட்டது. வலது தோள் தனி, இடது தோள் தனி, வலது இடுப்பு தனி, இடது இடுப்பு தனி. அறுநூற்று நாற்பது பேர் ஏறி முடித்த அன்று தம்பி வந்து தட்டிக்கொடுத்துவிட்டு, இடத்தை அடைக்கிறது என்று இருபத்திரண்டு நோட்டுகளையும் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட்டார். போகும்போது பெல்லை ஒரு முறை அடித்துப் பார்த்தார். வேலை செய்தது.

மறு வாரம் அந்தச் சேர்ந்திசைக் குழு நடத்துநர் போன் செய்தார். கச்சேரிக்குப் புதுக் கோட்டு. அளவுதான் உங்களிடம் இருக்கிறதே. காலிஞ்சு அவர் கோப்பைத் திறந்தார், ஊசி வரைந்த பேப்பரை அச்செடுத்தார், வெட்டினார், தைத்தார். ட்ரையலுக்கு வந்தவர் கோட்டைப் போட்டதும் வலது தோளில் ஒரு மடிப்பு தொங்கியது, யாரோ உள்ளே கையை விட்டுப் பிடித்து இழுப்பது போல.

நடத்துநர் அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். "டெய்லரம்மா, கோட்டப் பாத்தா எனக்குக் குணமாயிடுச்சுன்னு தெரியுது. உடம்புக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரல."

"துணி கொஞ்சம் சுருங்கியிருக்கும் சார்," என்றார் காலிஞ்சு. முப்பத்து நான்கு வருடத்தில் வாடிக்கையாளரிடம் சொன்ன முதல் பொய். பிறகு, பேச்சோடு பேச்சாக, நூலைத் தட்டிவிடுவது போல அவர் தோளில் டேப்பை வைத்தார். நடத்துநர் கண்ணை மூடிக்கொண்டார். அளந்து முடிக்கும் வரை திறக்கவில்லை.

அவர் படியிறங்கியதும் கோப்பைப் பார்த்தார்கள். இடது பதினேழு. வலதும் பதினேழு.

"நான் தப்பாப் படிச்சுட்டனாக்கா?" என்றார் காஜா.

"நீ சரியாத்தான் படிச்சே. இன்னொருத்தரதப் பாப்போம்."

பார்த்தார்கள். அதிலும் இரண்டும் சமம். இன்னொன்று. சமம். ஆறு பேர், ஏழு பேர். சந்தேகம் வந்தால் தையல் பிரித்துப் பார்ப்பது தையல்காரரின் கை வழக்கம். அந்தக் கை நிற்காமல் கோப்பு கோப்பாகத் திறந்தது. ஒன்பதாவதைத் திறந்தபோதுதான் காஜா கத்தினார்: "அக்கா, திறக்காதீங்க! இவங்களோடதத்தான் கடைசியா நான் படிச்சுச் சொன்னேன், திரையில சரியா இருந்துச்சு! திறந்தா அழியுது!"

அதுதான் விஷயம். புதிதாக அளவு ஏற்றும்போது ஊசி வலதையும் இடதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். மூடிவிட்டு மறுபடி திறந்தால், இடது தோளை எடுத்து வலது தோளின் மேல் எழுதிவிடும். கேட்காமல் தானே சேமித்தும்விடும். வேறு எந்த மென்பொருளில் திறந்தாலும் எழுத்து பூச்சி பூச்சியாகத்தான் தெரிந்தது. நேரான உடம்புக்குத் தைக்கிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. ஒன்பது பேரின் கோணல் போயே போய்விட்டது. மீதி அறுநூற்று முப்பத்தொரு பேரும் திறக்காத வரை பத்திரம். திறக்காத கோப்பை வைத்துக்கொண்டு சட்டை தைக்க முடியாது.

காலிஞ்சு தம்பிக்குப் போன் போட்டார்.

"காப்பி எடுத்து வச்சிருக்கியாக்கா?"

"நீதானே எல்லாம் கிளவுடுன்னு இன்டர்நெட்டுல ஒரு மேகத்துல இருக்குன்னே?"

தம்பி எங்கிருந்தோ மேகத்தைத் திறந்து பார்த்தார். அங்கும் அந்த ஒன்பது பேருக்கும் தோள் சமமாகிவிட்டிருந்தது. இங்கே ஆவதெல்லாம் உடனுக்குடன் அங்கேயும் ஆகும் என்பதுதான் மேகத்தின் சிறப்பாம்.

"ஒண்ணும் கவலப்படாத. ஊசிக்குன்னு இன்டர்நெட்டுல ஒரு மன்றம் இருக்கு, அதுல எழுது. ஓப்பன் சோர்ஸ்னா அதான்க்கா அழகு. எழுதினவங்ககிட்டயே நேரா பேசலாம்."

காலிஞ்சு காலை ஒன்பது மணிக்கு எழுதினார். பதினோராவது நிமிடம் பதில் வந்தது. எழுதியவர் நீலத்தவளை என்ற புனைபெயர்க்காரர். "குறையைத் தெரிவித்ததற்கு நன்றி! ஊசி ஒரு திறமூல மென்பொருள். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. நீங்களே திருத்தி அனுப்பினால் மிகவும் மகிழ்வோம்!" பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

"என்னக்கா சொல்றாங்க?"

"நம்மளையே பாத்துக்கச் சொல்றாங்க."

"சிரிச்சுக்கிட்டே சொல்றாங்களே."

அடுத்து வந்தவர் மன்றத்தின் பெரிய தலை. படத்தில் தொப்பி மட்டும்தான் தெரிந்தது, முகம் இல்லை. எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, என்னென்ன செய்தீர்கள், வரிசையாக எழுதவும், படம் எடுத்து இணைக்கவும் என்றார். காலிஞ்சு எழுதினார், இணைத்தார். தொப்பி அதைப் பெற்றுக்கொண்டு ஆழ்ந்த மௌனத்தில் மூழ்கினார். மூன்றாவதாக வந்தவர், பேச்சைப் பார்த்தால் எங்கோ பேராசிரியர். மனித உடல் அடிப்படையில் இருபுறமும் சமச்சீரானது, ஆகவே இதைப் பிழை என்று சொல்ல முடியாது, மென்பொருள் அளவைச் சீர்ப்படுத்தியிருக்கிறது என்று நான்கு பத்தி எழுதினார்.

காலிஞ்சு ஒரே வரி எழுதினார். "ஐயா, முதலில் உங்கள் தோளை யாரையாவது விட்டு அளக்கச் சொல்லுங்கள்."

பேராசிரியர் அளந்துகொண்டாரோ என்னவோ, அந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் நீலத்தவளை அளந்தார். "என் வலது தோள் ஒரு சென்டிமீட்டர் கீழே! முப்பது வருடமாக யாரும் சொல்லவே இல்லை!" என்று படத்தோடு போட்டார். மன்றம் பற்றிக்கொண்டது. இரண்டு நாளில் நாற்பத்தொரு பதில்கள். எல்லோரும் மனைவியை, அறைத் தோழனை, அண்ணனை விட்டு அளந்து போட்டார்கள். மவுஸ் பிடிக்கும் கை தாழ்கிறதா உயர்கிறதா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. எந்த நாற்காலி நல்லது என்று ஒரு கிளைச் சண்டை கிளம்பித் தனித் திரியாகப் போனது. பிழையை யாரும் தொடவில்லை.

ஐந்தாம் நாள் தொப்பி மௌனம் கலைத்தார். பிழை உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டு, அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டினார்: "புதியவர்களுக்கு ஏற்ற எளிய வேலை."

எளிதென்றால் உடனே செய்துவிட வேண்டியதுதானே என்று காலிஞ்சு தம்பியிடம் கேட்டார். தம்பி விளக்கினார். எளிய வேலைகளைப் பெரியவர்கள் தொடுவதில்லை, புதிதாக வருகிறவர்கள் செய்து பழகட்டும் என்று விட்டுவைப்பார்கள், அது ஒரு பண்பாடு. காலில் முள் எடுப்பது சின்ன வேலை என்பதால் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், வாசலில் நொண்டி நிற்கிறவர் தானே எடுத்துப் பழகிக்கொள்ள வேண்டும். அந்த மாதிரிப் பண்பாடு.

"ஏன்டா," என்றார் காலிஞ்சு, "எங்கிட்ட ஒருத்தர் வந்து சட்ட அக்குள்ல இறுக்குதுன்னா, கத்தரியக் கையில குடுத்து 'கடை திறந்துதான் இருக்கு, நீங்களே பிரிச்சுத் தச்சுக்கங்க'ன்னு சொல்லுவனா?"

"நீ காசு வாங்குறக்கா. அவங்க சும்மா குடுக்கிறாங்க."

"சும்மா குடுத்த சட்டைன்னா ஒரு கை மட்டும் கட்டையா இருக்கலாமா?"

"அப்படியில்லக்கா. அவங்கல்லாம் வேலைக்குப் போயிட்டு வந்து, மிச்ச நேரத்துல பண்றாங்க. அவங்க தலையிலயே ஏறி உக்காந்தா எப்படி?"

"சரி, ஏறல. எறங்கிட்டேன். நீ பண்ணு. இருபது வருஷமா சாஃப்ட்வேர்லதான இருக்கே?"

"அது வேற மொழில எழுதினதுக்கா."

"நீ எந்த மொழில எழுதுவே?"

"நான் இப்ப எழுதுறதில்லக்கா. எழுதுறவங்களை மேய்க்கிறேன்."

கடைசியாக எழுதி ஒன்பது வருடமாகிறதாம். பெல் மாட்டுவது, நோட்டை எடைக்குப் போடுவது இரண்டும் இன்னும் கைவசம் இருந்தன.

இதற்குள் போன் வரத் தொடங்கிவிட்டது. மாற்றிப் போட இன்னொரு சட்டை, பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, ஆபீஸில் விழா. "அளவுதான் இருக்கே உங்ககிட்ட." காலிஞ்சு சொல்ல ஆரம்பித்தார்: துணி வரல. நூல் கலர் கிடைக்கல. மெஷின் ரிப்பேர். மற்றத் தையல்காரர்கள் தொழிலில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்வதை அவர் ஐம்பத்தெட்டாம் வயதில் கற்றார். முப்பத்தெட்டு பேரிடம் இப்படிச் சொல்லியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் ஒவ்வொருவரையும் திரும்ப வரவழைத்துத் திரும்ப நிறுத்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நின்ற நடத்துநரின் முகம் அவருக்கு மறக்கவில்லை. பத்து வருடம் முன்பு வந்த ஒரு பெண் அளவெடுத்து முடிந்ததும் "இனிமே இல்லதானே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கடையைத் திறந்து, ஊசியின் நிரலை எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி தொலைவிலிருந்தே கணினியில் தேவையானதை ஏற்றிக்கொடுத்திருந்தார். அதற்காக மூன்று மீட்டிங்கைத் தள்ளிவைத்ததாக இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாற்பதாயிரம் வரி. பாதி ஆங்கிலம், மீதி அடைப்புக்குறி. காலிஞ்சுவுக்கு அதில் ஒரு வரிகூட எழுதத் தெரியாது. ஆனால் இன்னொருவர் தைத்ததைப் பிரிக்கத் தெரியும். பெரிய கடைகளில் தைத்துக் கெடுத்த கோட்டுகளைப் பிரித்து, எந்த இடத்தில் எவன் அவசரப்பட்டான் என்று கண்டுபிடிப்பது அவருக்குப் பாதித் தொழில். முதலில் தையல் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்பார். முடிச்சைத் தேடுவார். இங்கேயும் தோளுக்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடினார். முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றாக ஒரு தாளில் குறித்து, ஒவ்வொரு வரியை மட்டும் நிறுத்திவைத்து, என்ன அறுந்து தொங்குகிறது என்று பார்த்தார். மூன்றாம் நாள் ஊசி திறக்கவே மறுத்தது. ஆறாம் நாள் திறந்து, கோட்டின் கையைப் பாக்கெட்டில் கொண்டுபோய் ஒட்டியது. ஒன்பதாம் நாள் மூன்று கால் வைத்த ஒரு பேன்ட்டை வரைந்தது.

"இதுக்கும் ஒரு கஸ்டமர் வருவாங்கக்கா, பேப்பரப் பத்திரமா வைங்க," என்றார் காஜா.

பதினாறாம் நாள் காலை முடிச்சு அகப்பட்டது. கோப்பைத் திறக்கும் இடத்தில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில், ஒரே ஒரு வரி: வலது தோள் = இடது தோள். அதற்கு மேலே, எழுதியவர் தனக்குத் தானே விட்டுக்கொண்ட குறிப்பு: "தற்காலிகம். பழைய கோப்புகளில் ஒரு தோள்தான் இருக்கிறது, அதற்காக. பிறகு எடுத்துவிடவும்." தேதி பதினோரு வருடம் முந்தையது. எழுதியவர் தொப்பி.

காலிஞ்சுவுக்கு இது தெரிந்த வேலைதான். ட்ரையலுக்கு முன் வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போடுவார்கள், ட்ரையல் முடிந்ததும் உருவிவிட வேண்டும். இவர்கள் வெள்ளை நூலை உருவாமலேயே பதினோரு வருடம் கோட்டைப் போட்டுக்கொண்டு உலகம் சுற்றியிருக்கிறார்கள்.

இத்தனை நாள் பார்த்துப் பழகிய வரிகளை மாதிரியாக வைத்து, வலது தோள் காலியாக இருந்தால் மட்டும் இடதை எடுத்துப் போடு என்று மாற்றினார். சோதிக்க ஒரு கோப்பு வேண்டும். மற்றவர் உடம்பைப் பணயம் வைக்க மனசு வரவில்லை. தன்னுடையதையே திறந்தார். முப்பத்து நான்கு வருடம் கத்தரி பிடித்ததில் அவருக்கும் வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. இடது பதினாறு, வலது பதினைந்தரை. மூடினார், திறந்தார். பதினாறு, பதினைந்தரை. ஏழு முறை மூடித் திறந்துவிட்டு, காஜாவைப் பார்த்து, "தேத்தண்ணி வாங்கிட்டு வா," என்றார். அன்று மாலைக்குள் அறுநூற்று முப்பத்தொரு கோப்புகளும் திறந்தாயிற்று. ஒரு தோள்கூட நிமிரவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை அவரை நல்லவராகவே விட்டிருக்கும். போகிற போக்கில் ஒரு காரியம் செய்தார். இரண்டு தோளும் சமமென்று யாராவது ஏற்றினால், ஊசி ஒரு கேள்வி கேட்கும்படி வைத்தார்: "மறுபடி அளந்து பார்த்தீர்களா?" நேரான உடம்பே கிடையாது என்பது அவர் கட்சி. சமமாக வந்தால் அளந்தவர் சோம்பேறி என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்தே மன்றத்துக்கு அனுப்பினார்.

மன்றம் ஒன்பது நாள் பரிசீலித்தது. பதினான்கு ஆட்சேபணைகள். வரி தொடங்கும் முன் நான்கு இடைவெளி விட வேண்டும், எட்டு விட்டிருக்கிறீர்கள். தலைப்பு ஐம்பது எழுத்துக்குள் இருக்க வேண்டும். உறுதிமொழியில் கையொப்பம் காணவில்லை. பழைய வரியை ஏன் வெட்டி எறியாமல் மடித்து உள்ளேயே வைத்திருக்கிறீர்கள்?

"பிற்பாடு பிரிக்க வேண்டி வரலாம். கால் இஞ்ச் விட்டிருக்கிறேன்," என்று பதில் எழுதினார். அது ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று எண்ணி ஒருவர் பாராட்டினார். புதிதாக நுழைந்த கேள்வியை மட்டும் ஆட்சேபித்தவர்களில் ஒருவரும் படிக்கவில்லை. புதுப் பதிப்பு வெளிவந்தது.

முதலில் வந்தது புகழ். மன்றத்தின் முகப்பிலேயே போட்டார்கள்: "ஐம்பத்தெட்டு வயதுத் தையல்காரரே திருத்திவிட்டார். நீங்கள்?" அன்றிலிருந்து குறை சொல்லி வருகிற எவருக்கும் நீலத்தவளை அந்த இணைப்பைத்தான் அனுப்பினார். கண் மங்கிய ஒரு பின்னல்காரர், திரையில் எழுத்து சின்னதாக இருக்கிறது, படிக்க முடியவில்லை என்று எழுதினார். அவருக்கும் இணைப்பு போயிற்று. அதிலும் எழுத்து சின்னதுதான்.

காலிஞ்சுவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "பதினாறு நாள் என் கடை நின்றது. யாரும் செய்யாததால்தான் நான் செய்தேன். என்னைக் காட்டி அடுத்தவரை விரட்ட வேண்டாம். இவருக்கு யாராவது எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்," என்று எழுதினார். அதற்கு நூற்றுப் பன்னிரண்டு இதயங்கள் விழுந்தன. எழுத்து அப்படியேதான் இருக்கிறது.

பிறகு வந்தது புகார். சீருடை தைக்கிற பட்டறைகள், பள்ளிக்கூடங்களுக்கு மொத்தமாக வெட்டுகிறவர்கள். நானூறு சட்டைக்குச் சமத்தோள் போட்டால் நானூறு முறை "மறுபடி அளந்து பார்த்தீர்களா?" என்று ஊசி சிரித்துக்கொண்டே கேட்கிறது. மூன்று வாரத்தில் இருநூற்று அறுபத்து மூன்று புகார்கள். காணாமல் போயிருந்த பேராசிரியரும் திரும்பி வந்தார். "இது அப்பட்டமான பிழை," என்று எழுதினார்.

"பிழை இல்லை," என்று காலிஞ்சு தட்டினார். "வேண்டாமென்றால் நிரல் திறந்தே இருக்கிறது, நீங்களே எடுத்துக்கொள்ளலாம்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வைத்தார்.

தோளுக்குப் பின்னால் நின்று படித்த காஜா சொன்னார்: "அக்கா, அச்சு அசல் அந்தத் தவளை மாதிரியே பேசுறீங்க."

காலிஞ்சு தட்டியதைத் திரும்ப ஒரு முறை படித்தார். பிறகு சிரிக்கும் முகத்தை மட்டும் அழித்துவிட்டு, மீதியை அனுப்பினார்.

அந்தக் கேள்வியை எடுப்பதா வைப்பதா என்று மன்றத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தொப்பி அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார். எந்தச் சீட்டு என்று சொல்லத் தேவையில்லை.

நடத்துநரின் கோட்டைக் காலிஞ்சு கையாலேயே வரைந்து வெட்டிக் கொடுத்திருந்தார். கச்சேரியில் அவர் முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. காத்திருந்த முப்பத்தெட்டு பேருக்கும் துணி வந்தது, நூல் கலர் கிடைத்தது, மெஷின் சரியானது. மிச்சம் இருந்தது அந்த ஒன்பதில் எட்டு பேர், தோள் அழிந்துபோனவர்கள். எட்டு பேருக்கும் காலிஞ்சு தானே போன் செய்தார். இந்த முறை சாக்குச் சொல்லவில்லை. கணினியில் அழித்துவிட்டேன், தப்பு என்னுடையது, திரும்ப ஒரு முறை அளக்க வேண்டும் என்றார். மென்பொருள், மன்றம், தொப்பி, தம்பி எவரையும் இழுக்கவில்லை. ஐந்து பேர் பரவாயில்லை என்று வந்து போனார்கள். ஒருவர் பழைய சட்டையை அனுப்பிவைத்தார், அதை வைத்து எடுத்தாயிற்று. ஒருவர் வேறு கடை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

எட்டாவது ஆள், "இனிமே இல்லதானே?" என்று கேட்ட அந்தப் பெண். விஷயத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். நான்கு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, வீட்டுக்கு வந்தால் பேசலாம் என்றார். புதன்கிழமை காலை பத்தரைக்குக் காலிஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு போகிறார். கதவைத் திறப்பதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். அளக்க விடுவதாகச் சொல்லவில்லை.